ஒரு மூட்டை கரிசல்

அன்புள்ள சண்முகம்,

பொங்கலுக்கு எழுதுகிறேன் என்றவன் ஆடி பிறந்து எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வந்து திட்டு. எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலிதான். பெரியவரின் கைக்கடிகாரம் இன்னும் ஓடுகிறது, நீ தோற்றாய்.

எழுத வைத்தது மண். கோவில்பட்டிப் பக்கம் மச்சான் தோட்டத்திலிருந்து ஒரு மூட்டை கரிசலை பஸ்ஸில் ஏற்றி வந்தேன். 'உரமா அண்ணாச்சி?' என்று கேட்டபடி லக்கேஜ் டிக்கெட் கிழித்த கண்டக்டர், மண் என்றதும் பார்த்தாரே ஒரு பார்வை! எல்லாம் சின்னவளின் எம்.எஸ்சி. புராஜெக்டுக்காக. மாடியில் காயவைத்து, உரலில் இடித்து, உன் தங்கச்சியின் மாவுச் சல்லடையில் சலித்தோம். அந்தச் சண்டைக்குத் தனிக் கடிதம் வேண்டும்.

அணு உலைக் கழிவுநீரில் கரைந்த சீசியம் என்ற கதிரியக்க உலோகத்தை இந்த மண் பிடித்துக்கொள்ளுமாம். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்து, மழையில் உப்பி மூடிக்கொள்ளுமே நம் கரிசல், அதற்குக் காரணமான மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம்தான் இதையும் செய்கிறது. தாள் தாளாக அடுக்கு, தாளில் எதிர் மின்சுமை, இடுக்கில் சோடியமும் கால்சியமும் லேசாக ஒட்டியிருக்கும். சீசியம் வந்தால் எழுந்து இடம் கொடுத்துவிடும். இல்லைட் என்று இன்னொரு களிமண் கனிமம், அதன் பிரிந்த ஓரத்தில் சீசியம் மாட்டினால் லேசில் வெளியே வராது. பயப்படாதே, அவள் கலக்குவது கதிரியக்கமில்லாத சாதாரணச் சீசியம் குளோரைடுதான். வேதியியலில் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.

கூடங்குளத்துக்கே நம் மண்ணை அனுப்பலாம் என்று டீக்கடையில் பேசியும்விட்டேன். அவள்தான் அடக்கினாள்: கடல்நீர் கலந்தால் அதிலுள்ள சோடியமும் பொட்டாசியமும் இடத்துக்குப் போட்டிக்கு வரும், டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனோ தண்ணீராகவே இருப்பதால் எந்த மண்ணிலும் சிக்காது. இங்கிலாந்தின் செல்லாஃபீல்டு அணு ஆலையில் 1985 முதல் சீசியம் பிடிக்க இயற்கைச் சியோலைட் என்ற கனிமம்தான் போடுகிறார்களாம், அது களிமண்ணுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

'சரி, பிடித்த மண்ணை என்னம்மா செய்வீர்கள்?' என்றேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கழிவில் வரும் கதிரியக்கச் சீசியம்-137 பாதியாகவே 30 வருஷம், ஆயிரத்தில் ஒரு பங்காக 300 வருஷம். தண்ணீர் சுத்தமாகிவிட்டது, விஷம் மண்ணுக்குக் குடிமாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதைச் சிமென்டில் குழைத்துப் பீப்பாயில் அடைத்து யாராவது காவல் இருக்க வேண்டும். 300 வருஷத்துக்கு முன் கட்டபொம்மனே பிறக்கவில்லையே! காவல்காரனுக்கு யார் சொல்லி வைப்பது, எந்தத் தமிழில் எழுதி வைப்பது? இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

நீ ஊருக்கே சிமென்ட் விற்றவன். கான்கிரீட் உண்மையில் எத்தனை வருஷம் தாங்கும், எழுது. கடை விளம்பரம் வேண்டாம்.

மிச்சம் அரை மூட்டை மாடியிலேயே கிடக்கிறது. நேற்றுச் சாரலில் உப்பி, சாக்கு ஒரு பக்கம் பிதுங்கி நிற்கிறது.

அன்புடன்,
கணபதி