கூண்டின் அடியைப் பார்

மெய்யம்மைக்கு, அப்பச்சி எழுதுவது.

நலம். நீ அனுப்பிய முயல் படத்தை ஆத்தா வளவு முழுக்கக் காட்டிவிட்டாள். நான் கூண்டின் அடியைத்தான் பார்த்தேன். கம்பித் தரை. போனில் சொன்னால் "சரி அப்பச்சி" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

நீ காலேஜுக்குப் போகும்போது விட்டுப்போன வெள்ளையனை நானும் கம்பிக் கூண்டில்தான் வைத்திருந்தேன். புழுக்கை கீழே விழுந்துவிடும், கூட்டுகிற வேலை மிச்சம் என்று கணக்கு. ஒருநாள் தூக்கிப் புரட்டினால், பின்னங்கால் குதியில் எட்டணா அகலத்துக்கு முடி உதிர்ந்து தோல் சிவந்து கசிகிறது. நாய் பூனைக்கு இருக்கிற மெத்தைச் சதை முயல் பாதத்தில் கிடையாது. முடிதான் அதற்குச் செருப்பு. புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று.

வெளியே விட்டால் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் வழுக்கியது. சித்திரை வெயிலில் அந்தக் குளிர்ச்சிக்கு நீட்டிப் படுத்துக்கொள்ளும், ஓடினால் நாலு காலும் நாலு பக்கம். கோரைப்பாயை விரித்தேன். ஒரு ஓரத்தையே தின்றுவிட்டான். சாயம் போடாத கோரை, போகட்டும். ஆத்தா இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

கதவு வேலைக்கு வந்த ஆசாரி இழைப்புச் சுருளை ஒரு சாக்கு தந்தார். கமகமவென்று இருந்தது. அந்த வாசனைதான் ஆகாது என்றார் மாட்டாஸ்பத்திரி டாக்டர். பைன், தேவதாரு மாதிரி மரத்தின் எண்ணெய் ஈரலுக்குக் கெடுதல். தூள் வேறு மூக்கில் ஏறும், முயல் மூக்கால் மட்டுமே மூச்சுவிடுகிற பிராணி. பூனைக்கு விற்கிற கட்டிப்படும் மணலும் வாங்காதே, தின்றால் குடலிலும் கட்டிப்படும்.

படத்தில் கிடந்த தேங்காய்ப்பூத் துவாலையையும் எடுத்துவிடு. நகம் மாட்டும். நூலை விழுங்கிவிட்டால் முயலுக்கு வாந்தியெடுக்க வராது.

கம்பிமேல் கெட்டியான அட்டை, அதன்மேல் நாளிதழ், மேலே காய்ந்த புல்லை நாலு விரல் கனத்துக்குப் போடு. வைக்கோலும் படுக்கைக்கு ஆகும், தின்பதற்குப் புல்தான். ஒன்றுக்குப் போக ஒரு மூலையை அதுவே பிடித்துக்கொள்ளும். அங்கே ஒரு தட்டு வைத்துத் தினமும் புல்லை மாற்று. குனிந்து மோந்து பார், நெடி உனக்கே அடித்தால் நாளெல்லாம் அதிலேயே கிடக்கிற அதற்கு எப்படி இருக்கும்?

அப்புறம், பழைய பாய் ஒன்றைச் சுருட்டி பார்சல் போட்டிருக்கிறேன். ஓரத்து நூல் பிரிந்திருந்தால் கத்தரித்துவிட்டுப் போடு. உள்ளே மனகோலம் பலகாரம் இருக்கிறது, அது உனக்கு.

அப்பச்சி