வசந்திக்கு, பார்க்கின்சன் பற்றி

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்குத் திருநெல்வேலிக்கே மாற்றல் கிடைத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். இந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு பிள்ளை இருப்பது பெரிய தெம்பு. இங்கே எல்லோரும் நலம். அண்ணன் எங்களோடுதான் இருக்கிறார். மழை விட்டால் சாயங்காலம் குளக்கரை வரை நடந்துவிட்டு வருகிறார்.

உன் வீட்டுக்காரருக்குப் பார்க்கின்சன் என்று டாக்டர் சொன்ன செய்தியைவிட, நீ அடுத்த பக்கத்தில் எழுதியிருந்ததுதான் என் மனதைப் போட்டுப் பிசைகிறது. "முகம் கொடுத்தே பேசமாட்டேன் என்கிறார், பேரன் மடியில் ஏறினால்கூடச் சிரிப்பு இல்லை, என்மேல் என்ன கோபமோ" என்று எழுதியிருக்கிறாய். வசந்தி, அவருக்கு உன்மேல் கோபம் இல்லை. அந்த முகமும் நோயின் வேலைதான். கை நடுங்குவது எப்படியோ, சிரிப்பு முகத்துக்கு வராமல் நின்றுவிடுவதும் அப்படித்தான். உள்ளே சந்தோஷம் இருக்கிறது, தசைக்குச் சேதி போய்ச் சேரவில்லை. "கொஞ்சம் சிரிங்க, போட்டோ எடுக்கணும்" என்று கேட்டுப் பார். பெரும்பாலும் சிரித்துவிடுவார். தானாக வருகிற சிரிப்புதான் முதலில் குறையும்.

இதற்குக் காரணம் மூளையின் அடித்தண்டில், நடுமூளையில் இருக்கிற சின்னஞ்சிறு பகுதி. மூளையை வெட்டிப் பார்த்தால் அந்த இடம் மட்டும் வெறும் கண்ணுக்கே கறுப்பாகத் தெரியும். நம் தோலுக்கு நிறம் தருவது போன்ற ஒரு நிறமி அந்தச் செல்களில் படிந்திருப்பதால் அப்படி. பார்க்கின்சன் வந்தவர்களுக்கு அந்தக் கறுப்பு வெளிறிப்போயிருக்கும். அங்கிருக்கிற செல்கள்தான் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து, அசைவை ஒழுங்குபடுத்துகிற பகுதிகளுக்கு அனுப்புகின்றன. நடப்பது, சட்டைப் பொத்தான் போடுவது, கண் சிமிட்டுவது, இதையெல்லாம் நாம் யோசித்துச் செய்வதில்லை. வருஷக்கணக்காக வாசலில் கோலம் போடுகிற கை தானாகப் புள்ளி வைக்கிற மாதிரி, உடம்பு தானாகச் செய்கிறது. டோபமின் குறைந்தால் அந்தத் 'தானாக' போய்விடும். ஒவ்வொன்றையும் யோசித்து, முயன்று செய்யவேண்டி வரும். பத்து நிமிஷம் சட்டை போட்டுக்கொண்டிருப்பவரைப் பார்த்துச் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால், நீ அவர்களிடம் இதைச் சொல்.

அண்ணனுக்கும் இதே பார்க்கின்சன்தானே, அவருக்கு ஆரம்பம் நடுக்கமே இல்லை. இடது தோள்பட்டை வலி. ஒரு டாக்டர் மூட்டுத் தேய்மானம் என்று ஒரு வருஷத்துக்கு மருந்து கொடுத்தார். நடக்கும்போது இடது கை வீசாமல் உடம்போடு ஒட்டியே இருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் கையெழுத்து. வரி தொடங்கும்போது பெரிதாக இருக்கும் எழுத்து போகப்போகக் கடுகு அளவுக்குச் சுருங்கிவிடும். கையெழுத்து ஒத்துவரவில்லை என்று வங்கியில் காசோலையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் நரம்பியல் டாக்டரிடம் போனோம்.

ஆனால் அதற்கும் முந்தியே அறிகுறி இருந்திருக்கிறது. அடுப்பில் பால் தீய்ந்தால் அண்ணன் மூக்குக்குத் தெரியாது. ராத்திரியில் கனவில் யாரோடோ சண்டை போட்டுக் கையைக் காலை உதறுவார், அண்ணி கீழே பாய் போட்டுப் படுப்பார். தீராத மலச்சிக்கல் வேறு. இவை எல்லாம் நடுக்கம் வருவதற்குப் பல வருஷங்கள் முன்பே சிலருக்கு வரும் என்று டாக்டர் பிறகு விளக்கினார். கை நடுங்க ஆரம்பிப்பதற்குள் அந்தக் கறுப்புப் பகுதியில் பாதியளவுக்குச் செல்கள் போயிருக்குமாம். அதனால் "நான் சமைத்தது ஒத்துக்கொள்ளவில்லையோ, போன வருஷம் கவனித்திருந்தால் தடுத்திருக்கலாமோ" என்று உன்னையே நீ நோகடித்துக்கொள்ளாதே. போன வருஷம் கண்டுபிடித்திருந்தாலும் தடுத்திருக்க முடியாது.

உன் மாமியாருக்கு வந்ததும் இதுவும் ஒன்றா என்று கேட்டிருந்தாய். இல்லை, ஆனால் ஒரே குடும்பம் என்று சொல்லலாம். இரண்டிலும் மூளைச் செல்கள் மெல்ல மெல்லச் சாகின்றன. மாமியாருக்கு வந்த அல்சைமர் பெரும்பாலும் புது நினைவுகளைச் சேர்த்துவைக்கிற பகுதியில் தொடங்கும். அதனால்தான் ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கல்யாணம் நினைவிருந்தது, காலையில் சாப்பிட்டது நினைவில்லை. 1906-இல் அலோய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மன் டாக்டர், இறந்துபோன தன் நோயாளி ஒருவரின் மூளையில் செல்களுக்கு வெளியே படிவுகளையும் உள்ளே முறுக்கிக்கொண்ட இழைகளையும் பார்த்துச் சொன்னார். பார்க்கின்சனில் வேறொரு புரதம் சரியாக மடியாமல் செல்லுக்குள்ளேயே கட்டிதட்டிக் கிடக்கும். 1912-இல் லூயி என்பவர் அந்தக் கட்டிகளை விவரித்தார், அது ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் என்பது 1997-இல்தான் தெரிந்தது. நோய் எந்த இடத்தில் தொடங்குகிறதோ, அந்த இடத்தின் வேலை முதலில் கெடும். உன்னிடம் மறைக்க எனக்கு மனமில்லை: பார்க்கின்சனிலும் பிற்காலத்தில் சிலருக்கு நினைவு மங்கும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். அண்ணனுக்கு இதுவரை அப்படி எதுவும் இல்லை.

மருந்து வந்த கதை எனக்கு எப்போதும் பிடித்தது. பள்ளியில் விலங்கியல் எடுத்த புத்தி போகாதே! சர்ப்பகந்தி என்ற நம் ஊர் மூலிகையிலிருந்து எடுத்த ரெசர்பின் என்ற மருந்தை முயல்களுக்குக் கொடுத்தால் அவை அசையாமல் கிடக்கும். ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் 1957-இல் அந்த முயல்களுக்கு, உடம்புக்குள் டோபமினாக மாறக்கூடிய லெவோடோபா என்ற பொருளைக் கொடுத்ததும் அவை எழுந்து நடமாடின. மூன்று வருஷம் கழித்து, பார்க்கின்சனில் இறந்தவர்களின் மூளையில் டோபமின் வெகுவாகக் குறைந்திருப்பதை வியன்னாவில் ஹார்னிகீவிச் காட்டினார். 1967-இல் கோட்ஸியாஸ் என்ற டாக்டர் அதிக அளவில் வாய்வழியாகவே கொடுத்து ஆட்களை நடக்க வைத்தார். இன்றும் முதல் மருந்து அதுதான். டோபமினை நேராகக் கொடுத்தால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது, லெவோடோபா நுழைந்து அங்கே டோபமினாக மாறும். பூனைக்காலி விதையிலும் லெவோடோபா இருக்கிறது. 1937-லேயே தாமோதரன், ராமசாமி என்ற நம் நாட்டு விஞ்ஞானிகள் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். ஆனால் உன் நாத்தனார் சொன்னார் என்று பூனைக்காலிப் பொடியை மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்துவிடாதே. உள்ளே போகும் அளவு தெரியாது. டாக்டரிடம் சொல்லாமல் வேண்டவே வேண்டாம்.

மாத்திரை நோயை நிறுத்தாது, டோபமின் இல்லாத குறையை ஈடுகட்டும், அவ்வளவுதான். அதனால் நேரம்தான் எல்லாம். அரை மணி தள்ளிப்போனாலும் அண்ணனுக்குக் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். பருப்பு, முட்டை, பால் போன்ற புரதச் சாப்பாடு வயிற்றில் இருந்தால் மருந்து சரியாக ஏறாது. இரண்டும் ஒரே வழியில் உள்ளே போகப் போட்டி போடும். நாங்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு, சாப்பாட்டுக்கு முக்கால் மணி முன்பே கொடுத்துவிடுகிறோம். எந்தக் காரணத்துக்காகவும் திடீரென்று நிறுத்தக்கூடாது. இன்னொன்று, வாந்தி என்று மருந்துக்கடையில் கேட்டால் மெட்டோகுளோப்ரமைட் கொடுத்துவிடுவார்கள். அது டோபமினைத் தடுக்கிற மருந்து, நடை அப்படியே நின்றுபோகும். வேறு எதற்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும், "இவருக்குப் பார்க்கின்சன், மாத்திரை நேரம் தவறக்கூடாது" என்று நர்சிடம் முதலில் சொல்லிவிடு.

கதவு வாசலில் அண்ணன் அப்படியே உறைந்து நின்றுவிடுவார். ஆனால் அதே ஆள் மாடிப்படியில் தடதடவென்று ஏறுவார். வீட்டுக்கு வந்தவர்கள் இதைப் பார்த்து "நடிக்கிறார்" என்று முணுமுணுத்ததுண்டு. படி கண்ணுக்குத் தெரிவதால் மூளை வேறு வழியாக வேலை செய்கிறது. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண் வீட்டுத் தரையில் ஒரு முழத்துக்கு ஒன்றாக வெள்ளை டேப் ஒட்டச் சொன்னாள். ஒட்டியதும் கோட்டைத் தாண்டித் தாண்டி நடந்துவிட்டார். தாளம் போட்டாலும் போதும், "ஒன்று, இரண்டு" என்று நான் சொன்னால் கால் எழும்பும். கையைப் பிடித்து மட்டும் இழுக்காதே, முன்னால் சாய்ந்து விழுவார்.

போனில் அவர் குரல் கேட்கவில்லை என்று உன் பையன் சலித்துக்கொண்டதாக எழுதியிருக்கிறாய். அவருக்குத் தான் சத்தமாகப் பேசுவதாகத்தான் தோன்றும். பையனிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. சலித்துக்கொண்டால் அவர் பேசுவதையே விட்டுவிடுவார், அதுதான் எனக்குப் பயம். பேச்சுப் பயிற்சியை இப்போதே ஆரம்பித்துவிடுங்கள்.

தை பிறந்ததும் அண்ணனைக் கூட்டிக்கொண்டு அங்கே வரலாம் என்றிருக்கிறேன். இரண்டு பேரும் பேசினால் நாம் நூறு தடவை சொல்வதைவிட நன்றாக இருக்கும். அதற்குள் மாத்திரையின் பெயர், எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு, எந்த நேரத்தில் நடை நன்றாக இருக்கிறது என்று ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதி வை. அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டைக் கையோடு கொண்டு போ, எனக்கும் போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
கமலா