ஆர்கைல் ஏரிக்கு முன் குனுனுரா

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வட ஆஸ்திரேலிய கேம்பர்வேன் பயணக் கட்டுரையில், வடக்குப் பிரதேசத்தின் கேத்தரின் ஊரிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் குனுனுரா ஊருக்குப் போகும் வழியிலேயே ஆர்கைல் ஏரியில் ஓர் இரவு தங்கிவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். வரைபடத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஏரிக்குத் திரும்பும் சாலை குனுனுராவுக்கு முன்பே வந்துவிடுகிறது. ஆனாலும் வேனில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் நேரே குனுனுரா போய்விட்டு, மறுநாள் காலையில் 70 கிலோமீட்டர் திரும்பி வருவதுதான் உத்தமம்.

முதல் காரணம் சாப்பாடு. விக்டோரியா நெடுஞ்சாலையில் மேற்கு ஆஸ்திரேலிய எல்லையில் பயிர்ப்பூச்சியும் நோயும் உள்ளே வராமல் தடுக்க 24 மணி நேரச் சோதனைச்சாவடி இருக்கிறது. பழம், பச்சைக் காய்கறி, தேன், விதை, செடி எல்லாவற்றையும் சொல்லிக் காட்ட வேண்டும், பெரும்பாலும் ஒப்படைக்க வேண்டிவரும். ஒரு கொத்து கறிவேப்பிலைக்கும் சலுகை கிடையாது. அதைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் இடப்பக்கம் ஏரிக்குப் போகும் ஆர்கைல் சாலை. காய்கறி வாங்க ஒழுங்கான கடை குனுனுராவில்தான். வழியிலேயே திரும்புகிறவர்களுக்கு அன்றிரவு அரிசியும் பருப்பும் டின்னும்தான். டீசலையும் குனுனுராவிலேயே நிரப்பிக்கொள்வது நல்லது.

இரண்டாவது, கடிகாரம். எல்லை தாண்டியதும் மணி ஒன்றரை மணி நேரம் பின்னுக்குப் போகும். நேரம் மிச்சம் என்று நினைக்கத் தோன்றும். ஜூனில் அங்கே 5 மணியளவிலேயே பொழுது சாய்ந்துவிடும். கடிகாரம் ஐந்து காட்டும்போது ஏரிச் சாலைக்குத் திரும்பினால், சுமார் 35 கிலோமீட்டர் மலைச்சாலையின் பாதி இருட்டில்தான். தார்ச்சாலைதான், ஆனால் மாடும் வாலபி என்ற சிறு கங்காருவும் குறுக்கே வரும். வாடகை வேன் ஒப்பந்தங்கள் பலவற்றில் ஊருக்கு வெளியே இரவில் ஓட்டினால் காப்பீடு செல்லாது. கையெழுத்துப் போடுமுன் அந்தப் பத்தியைப் படித்துவிடுங்கள்.

கட்டுரை தொடாமல் விட்டது மின்சாரம். வறண்ட பருவத்திலும் பகலில் 30 டிகிரிக்கு மேல் போகும். வேனின் பேட்டரியில் ஓடும் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ், ஓடும்போது நாலரை ஆம்பியர் அளவில் இழுக்கும். அந்தச் சூட்டில் பாதி நேரத்துக்கும் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். 100 ஆம்பியர்-ஹவர் ஏஜிஎம் (மூடிய ஈய-அமில வகை) பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்தலாம், அதற்குக் கீழே இறக்கினால் பேட்டரி கெடும். வேன் ஓடாமல் நின்றால் ஒரு முழு நாள் தாங்காது. வெயிலுக்குப் பயந்து மரத்தடியில் நிறுத்தினால் கூரை சோலார் படுத்துவிடும். காஸில் ஓடும் பழைய வகை ஃபிரிட்ஜ் என்றால் வேன் சமமாக நிற்க வேண்டும், சாய்ந்தால் குளிராது. ஆகவே மின் இணைப்புள்ள இடத்தையே முன்பதிவு செய்யுங்கள். வேனின் கேபிள் 15 ஆம்பியர் பிளக்; அதன் எர்த் பின் அகலமானது, வீட்டு 10 ஆம்பியர் சாக்கெட்டில் நுழையாது. அதை அரத்தால் தேய்த்துச் சொருகும் ஆட்கள் இருக்கிறார்கள். கேபிள் சூடேறித் தீப்பிடிக்க அதுவே போதும்.

“கரையில் பிடித்த இடத்தில் நிறுத்தலாம்” என்று கட்டுரை சொல்வதும் சரியில்லை. ஏரி நிரம்பினால் சுமார் 1,000 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பு. ஆனால் கரையில் பெரும்பகுதிக்கு வேன் போகும் பாதையே இல்லை. தங்க உகந்தது அணைக்குப் பக்கத்திலுள்ள கேரவன் பூங்காதான் (வேன்களை நிறுத்தித் தங்கும் இடம்).

இந்த ஏரியை உருவாக்கியது ஆர்டு நதியின் குறுக்கே 1971-இல் கட்டி முடித்த அணை, நீளம் 335 மீட்டர், உயரம் 98 மீட்டர். மண்ணும் பாறையும் கொட்டி எழுப்பியது. ஏரியில் மூழ்கவிருந்த, மாட்டுப்பண்ணை நடத்திய டுராக் குடும்பத்தின் வீட்டைக் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் மறுபடி கட்டினார்கள், இப்போது அருங்காட்சியகம். 1996-இல் நீர்மின் நிலையத்துக்காக உபரிநீர்ப் போக்கியை 6 மீட்டர் உயர்த்தினார்கள்.

ஏரியில் ஆயிரக்கணக்கில் இருப்பது நன்னீர் முதலை. சீண்டாதவரை பெரும்பாலும் விலகிப்போகும். ஆனால் அணைக்குக் கீழே ஆர்டு ஆற்றில் இருப்பது உவர்நீர் முதலை, அது ஆளைத் தேடி வரும். அங்கே கை கழுவக்கூட ஓரத்தில் குனியாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், டார்வின்