சாவி யாரிடம் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைப்பேசிப் பாதுகாப்புக்குச் 'சிறந்த பத்துச் செயலிகள்' என்று பட்டியல்கள் பத்திரிகைகளிலும் யூடியூபிலும் ஓயாமல் வருகின்றன. அவற்றில் இருப்பவை பெரும்பாலும் நல்ல செயலிகள்தான். ஆனால் கடலூர், புதுச்சேரி மக்கள் ஒரு செயலியை இறக்கும் முன் இரண்டு கேள்விகள் கேட்டாக வேண்டும். சாவி யாரிடம் இருக்கிறது? நான்கு நாள் கரண்டும் டவரும் இல்லாவிட்டால் அது திறக்குமா? 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் என்று பார்த்துவிட்ட ஊர்க்காரர்களுக்கு இரண்டாவது கேள்வியை விளக்க வேண்டியதில்லை.

கடவுச்சொற்களில் தொடங்குகிறேன். பிட்வார்டன், கீபாஸ்எக்ஸ்சி இரண்டுமே நம் கடவுச்சொற்களை ஒரு பெட்டகத்தில் பூட்டி வைக்கும் கட்டற்ற மென்பொருள்கள். பணம் கட்ட வேண்டாம். பிட்வார்டனில் பெட்டகம் அவர்களுடைய சர்வரில் இருக்கும், ஆனால் நம் கருவியிலேயே பூட்டப்பட்ட பிறகுதான் அங்கே போகிறது. முதன்மைக் கடவுச்சொல் மறந்தால் நிறுவனத்தாலும் திறந்துகொடுக்க முடியாது. சாவி நம்மிடம் இருக்கிறது என்பதன் பொருள் இதுதான். 2022-ல் இதே வகைச் சேவை தரும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகளே திருடுபோயின. அப்படி ஒரு திருட்டில் நம்மைக் காப்பது முதன்மைக் கடவுச்சொல்லின் பலம் மட்டும்தான்.

பிட்வார்டன் வைத்திருப்பவர்கள் ஓர் அமைப்பை இன்றே பார்க்க வேண்டும். செட்டிங்ஸில் 'வால்ட் டைம்அவுட் ஆக்‌ஷன்' என்பது 'லாக்' என்று இருக்கட்டும், 'லாக் அவுட்' என்று இருக்க வேண்டாம். லாக் என்றால் இணையம் இல்லாதபோதும் கைப்பேசியில் உள்ள பிரதியைத் திறந்து படிக்கலாம். லாக் அவுட் ஆகிவிட்டால் நெட் வரும் வரை ஒன்றும் கிடைக்காது. கீபாஸ்எக்ஸ்சியில் இந்தச் சிக்கலே இல்லை. எல்லாம் ஒரே கோப்பில், நம் கையிலேயே. அங்கே வரும் தொல்லை வேறு: கணினியில் ஒரு மாற்றம், கைப்பேசியில் அதே கோப்பைத் திறக்கும் கீபாஸ்டிஎக்ஸ் செயலி வழியாக இன்னொரு மாற்றம் என்று செய்தால் இரண்டு கோப்புகள் ஆகிவிடும். புதியதைப் பழையதன் மேல் நகலெடுத்தால் ஒரு பக்கத்து மாற்றம் அழிந்தே போகும். 'டேட்டாபேஸ்' மெனுவில் உள்ள 'மெர்ஜ்' வழியாக இரண்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இணையம் அடிக்கடி போகும் கிராமத்துக்காரர்களுக்குக் கீபாஸ். வீட்டில் நான்கு பேர், நான்கு கைப்பேசி என்றால் பிட்வார்டன். இது என் கருத்து.

முதன்மைக் கடவுச்சொல்லுக்கு ஆறு சொற்கள் போதும், அவற்றை நாம் யோசித்து எடுக்கக் கூடாது. அகராதியைக் கண்ட இடத்தில் பிரித்து, கை வைத்த இடத்துச் சொல்லை எடுங்கள்: கிணறு, துடுப்பு, வெந்தயம், ஏணி, சங்கு, பல்லாங்குழி என்பது போல. அச்சில் வந்த இதை அப்படியே போட வேண்டாம். குறளும் சினிமாப் பாட்டும் ஊருக்கே மனப்பாடம் என்பதால் அவையும் ஆகாது. சொற்களை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டியிருக்கும். தமிழ் எழுத்தைப் பல தளங்கள் ஏற்பதில்லை. தமிழர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பல்லாங்குழியின் 'ழி'க்கு 'இஸட் ஹெச்' போட்டோமா, 'எல்' போட்டோமா? துடுப்புக்கு 'டி'யா, 'டிஹெச்'சா? மூன்று மாதம் கழித்துச் சொற்கள் ஆறும் நினைவிருக்கும், எழுத்துக்கூட்டல் இருக்காது. எனவே ழகரச் சொற்களைத் தவிர்த்து, முதல் வாரம் தினமும் ஒருமுறை கையால் தட்டிப் பழக வேண்டும். ஒரு தாளிலும் எழுதி வைக்க வேண்டும்.

ஆம், தாளில்தான். பீரோவில் இருக்கும் தாளை வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் திருடனால் படிக்க முடியாது. ஜிப் கவரில் போட்டு, நில ஆவணங்களோடு, வெள்ளம் ஏறாத உயரத்தில் வையுங்கள்.

அடுத்தது இரண்டாம் அடுக்குப் பூட்டு, அதாவது கடவுச்சொல்லோடு சேர்த்துக் கேட்கும் ஒருமுறை எண். வங்கிகள் பெரும்பாலும் எஸ்எம்எஸ் ஓடிபி-யைத்தான் தருகின்றன, அதை மாற்றுவது நம் கையில் இல்லை. ஆனால் ஜிமெயிலை மாற்றலாம், அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். மற்றக் கணக்குகளின் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' கடிதங்கள் எல்லாம் அங்கேதான் வருகின்றன. ஆண்ட்ராய்டில் ஏஜிஸ் என்ற கட்டற்ற செயலி, 30 நொடிக்கு ஒருமுறை ஆறு இலக்க எண்ணைக் கைப்பேசிக்குள்ளேயே கணக்கிட்டுத் தருகிறது. டவர் வேண்டாம், சிம் வேண்டாம். டவர் விழுந்து பக்கத்து வீட்டு வைஃபை மட்டும் கிடைக்கும் நாளிலும் ஜிமெயிலுக்குள் போகலாம். எண் சரியாக இருந்தும் தளம் ஏற்கவில்லை என்றால் கைப்பேசிக் கடிகாரம் பிசகியிருக்கும். தேதி, நேரத்தைத் தானியங்கியில் வைத்தால் சரியாகும்.

பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. பிட்வார்டனுக்கு இரண்டாம் பூட்டை ஏஜிஸில் வைத்துவிட்டு, ஏஜிஸின் கடவுச்சொல்லைப் பிட்வார்டனுக்குள் மட்டும் சேமிப்பார்கள். கைப்பேசி தொலைந்த அன்று இரண்டு பெட்டிகளின் சாவியும் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக் கிடக்கும். ஏஜிஸிலிருந்து பூட்டப்பட்ட பிரதி ஒன்றைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, அதன் கடவுச்சொல்லையும், பிட்வார்டன் தரும் மீட்புக் குறியீட்டையும், கூகுள் தரும் பத்து மீட்பு எண்களையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். அந்தப் பத்தில் ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். பயன்படுத்தியதை அடித்துவிட வேண்டும்.

சிம்முக்கும் ஒரு பூட்டு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கைப்பேசியைத் திருடியவன் திரைப்பூட்டோடு மல்லுக்கட்ட மாட்டான். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி எல்லாம் அவனுக்கு வந்துவிடும். செட்டிங்ஸில் 'சிம் லாக்' என்று தேடி இயக்கினால் இது நடக்காது. தொடக்கப் பின் எண்ணைச் சேவை மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், ஊகித்துப் போடாதீர்கள். மூன்று முறை தவறினால், பூட்டிக்கொண்ட சிம்மைத் திறக்கும் பியுகே எண் கேட்கும். அதையும் பத்து முறை தவறவிட்டால் சிம் செத்துவிடும். பிரான்சிலும் வளைகுடாவிலும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு ஒரு சொல்: இங்கே ரீசார்ஜ் செய்யாமல் கிடக்கும் எண், காலம் கடந்தால் வேறொருவருக்குப் போய்விடும். வங்கி, மின்னஞ்சல் எல்லாவற்றிலிருந்தும் அந்த எண்ணை எடுத்த பிறகே கைவிட வேண்டும்.

செய்திப் பரிமாற்றத்துக்கு 'சிக்னல்' என்ற செயலிதான் என் தேர்வு. ஆனால் உறவினர் எல்லோரும் வாட்ஸ்அப்பில் இருக்கும்போது அதை நீக்கச் சொல்வதில் பயனில்லை. அதையே சரியாகப் பூட்டுவோம். 'அக்கவுண்ட்' பகுதியில் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போட்டு ஆறு இலக்கப் பின் எண் வையுங்கள். 'சாட் பேக்கப்' பகுதியில் 'எண்ட் டு எண்ட் என்கிரிப்டட் பேக்கப்'பை இயக்குங்கள். அதை இயக்காதவரை, போகும் வழியில் பூட்டியிருந்த செய்திகளின் பிரதி கூகுள் டிரைவில் அந்தப் பூட்டு இல்லாமல் கிடக்கிறது. அடுத்து ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' என்ற இடத்தில் வாட்ஸ்அப்புக்கு அனுமதி மறுத்துவிடுங்கள். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்புகள் (செயலியை நிறுவும் கோப்புகள்) பெரும்பாலும் இந்த வாசலில்தான் நுழைகின்றன. நுழைந்ததும் கேட்பது எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியை.

நம் இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன் பற்றிச் சுருக்கமாக: இலவச விபிஎன் வேண்டாம். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு, விபிஎன் நிறுவனங்களை வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டு வைத்திருக்கச் சொல்கிறது என்பதையும் அறிந்து முடிவெடுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் யுபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானைச் சேர்ப்பது அதைவிடப் பயன் தரும். 'கஸ்டமர் கேர்' என்று தேடும்போது மேலே வரும் போலி விளம்பரங்கள் பெரும்பாலும் மறைந்துவிடும்.

இவ்வளவும் செய்துவிட்டு ஜெராக்ஸ் கடையில் கோட்டை விடுகிறோம். ஆதார் பிடிஎஃப்-ஐக் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி பிரிண்ட் எடுக்கிறோம். அது அந்தக் கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் நிற்கிறது. நாம் 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' கொடுத்தாலும், இறங்கிவிட்ட கோப்பு போகாது. அதன் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும். இரண்டும் தெரிந்தவர்கள் நம்மைச் சுற்றி எத்தனை பேர்! ஆதார் தளத்தில் இறக்கும்போதே 'மாஸ்க்டு ஆதார்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் பிரதி கிடைக்கும். பிரிண்ட் வந்ததும் நம் கண்முன்னே ஷிஃப்ட், டெலீட் இரண்டையும் சேர்த்து அழுத்தி அழிக்கச் சொல்ல வேண்டும்; வெறும் டெலீட் என்றால் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். கடைக் கணினியில் நம் வாட்ஸ்அப்பைத் திறந்திருந்தால், 'லிங்க்டு டிவைசஸ்' போய் அங்கேயே வெளியேற வேண்டும்.

கடலூர் மாவட்ட நிர்வாகமும் புதுச்சேரி அரசும், இ-சேவை மையங்களிலும் பொதுச் சேவை மையங்களிலும் 'உங்கள் கோப்பு அழிக்கப்பட்டதைப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள்' என்று தமிழில் பலகை வைக்கச் சொல்லலாம். அதன் கீழேயே, பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய 1930 என்ற எண்ணையும் பெரிதாக எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்