பெயரையும் இலக்கத்தையும் சேர்த்து அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பரந்தனில் ஸ்டிக்கர் வெட்டும் சிறிய கடையொன்றை நடத்திவரும் நான், எங்கள் பகுதி இளைஞர்கள் சிலர் தங்கள் உழைப்பிலேயே நடத்தும் மோட்டோகுரொஸ் (மண் திடலில் ஓடும் மோட்டார் சைக்கிள் போட்டி) அணி ஒன்றுக்கான படம், செய்தி, அனுசரணை வேலைகளையும் பார்த்துவருகிறேன். பிரதேச விளையாட்டுச் செய்திகளைத் தாங்கள் வெளியிடும் முறை குறித்து ஒரு வேண்டுகோளை முன்வைக்கவே இதை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன்னர் வவுனியாவுக்கு அப்பால் நடந்த போட்டியொன்றில் எங்கள் ஓட்டுநர் 125 சீசி பிரிவில் மூன்றாம் இடத்தைப் பெற்றார். நாளிதழ் ஒன்று அதனைப் படத்துடன் வெளியிட்டது. ஆனால் படத்தின் கீழ் ‘மோட்டார் சைக்கிள் ஓட்டத்தில் வன்னி இளைஞர் சாதனை’ என்ற ஒரு வரி மட்டுமே இருந்தது. ஓட்டுநரின் பெயரோ, அணியின் பெயரோ, போட்டி இலக்கமோ, பிரிவோ அதில் இல்லை. படத்தை ஒரு பத்திக்குள் அடக்குவதற்காக முன்சக்கரத்துக்கு மேலுள்ள இலக்கத் தகட்டின் பாதியையும் வெட்டியிருந்தார்கள். ரயருக்கும் லொறிக் கூலிக்கும் பணம் தந்த அரிசி ஆலை உரிமையாளரின் ஆலைப் பெயர் அந்தத் தகட்டில்தான் இருந்தது. பத்திரிகையை விரித்து நெடுநேரம் பார்த்தவர், “தம்பி, இதில எங்கட பேர் எங்க கிடக்கு?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. அடுத்த போட்டிக்கு அவர் பணம் தரவில்லை; அவரைக் குறைகூறவும் மாட்டேன். கோயில் திருவிழாவுக்கு ஒரு நாள் உபயம் செய்தால் நோட்டீசில் உபயகாரரின் பெயர் வருகிறது, ஊர் அதை வாசிக்கிறது. கொடுப்பதற்கும் பெயர் வருவதற்கும் உள்ள அந்த உறவை வன்னியில் யாரும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

இதில் எங்கள் பிழையும் உண்டு. போட்டி முடிந்த களைப்பில் ஏழெட்டுப் படங்களை ஒரு குறிப்பும் இல்லாமல் வட்ஸ்அப்பில் செய்தியாளருக்கு அனுப்பியவன் நானே. ஆயினும் இந்த விளையாட்டில் படக்குறிப்புக்குரிய இடம் மற்ற விளையாட்டுகளில் உள்ளது போன்றதல்ல என்பதைத் தாங்கள் கருத்தில் எடுக்க வேண்டும். துடுப்பாட்ட வீரரின் முகம் படத்தில் தெரியும். எங்கள் ஓட்டுநரின் முகத்தைத் தலைக்கவசமும் கண்ணாடியும் மூடிவிடுகின்றன. சட்டையின் நெஞ்சுப் பகுதியில் அச்சிட்ட பெயரை அதன்மேல் அணியும் மார்புக் கவசம் மறைக்கிறது. மழை பெய்த திடலென்றால் இரண்டாவது சுற்றுக்குள் பக்கத் தகடுகள் எல்லாம் சேறாகிவிடுகின்றன. எஞ்சுவது முன்னால் உள்ள இலக்கத் தகடு ஒன்றுதான். அதையும் வெட்டிவிட்டால், ஓடியவர் யார் என்று பெற்ற தாய்க்கும் தெரியாது.

அதன் பின்னர் நாங்கள் சில மாற்றங்களைச் செய்தோம். போட்டிக்குப் போட்டி மாறிவந்த இலக்கத்தை, ஏற்பாட்டாளர்கள் இடமளிக்கும் இடங்களில் எல்லாம் ஒன்றாகவே வைத்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் இருந்த அணிப் பெயரைத் தமிழில் எழுதினோம். எங்களுக்குப் பணம் தரும் உதிரிப்பாகக் கடைக்காரரும் ஆலைக்காரரும், வேலியோரம் நின்று பார்க்கும் எங்கள் பெற்றோரும் வாசிப்பது தமிழைத்தான். பிரதான அனுசரணையாளரின் பெயரை முன்தகட்டின் மேல் விளிம்புக்கு மாற்றினோம். சாதாரண ஸ்டிக்கர் தாள் சேற்றையும் அழுத்தித் தண்ணீர் அடித்துக் கழுவுவதையும் தாங்காது. ஓரத்திலிருந்து உரியத் தொடங்கும். ஆகவே தடித்த தாளில் அச்சிட்டு, பிளாஸ்டிக்கின் எண்ணெய்ப் பிசுக்கை ஸ்பிரிட்டால் துடைத்து, சூடுகாட்டி ஒட்டுகிறேன். முனைகளை வளைவாக வெட்டினால் உரிவது குறைகிறது. இப்போது போட்டிக்கு முன்னரே ஓட்டுநரின் பெயர், ஊர், இலக்கம், பிரிவு, அணி, அனுசரணையாளர் ஆகிய விபரங்களையும் தலைக்கவசம் இல்லாத ஒரு முகப்படத்தையும் ஒரே பக்கத்தில் ஆயத்தம் செய்து வைத்திருக்கிறோம்.

மோட்டார் விளையாட்டின் விளம்பரம் பெரும்பாலும் புகையிலைப் பணத்தில் வளர்ந்தது. 1968 இல் லோட்டஸ் என்ற கார்ப் பந்தய அணி தன் பச்சை நிறத்தைக் கைவிட்டு ஒரு சிகரட்டின் சிவப்பு, வெள்ளை, பொன் நிறங்களுக்கு மாறியதிலிருந்து பல பத்தாண்டுகள் அந்தப் பணமே கார்களின்மேல் ஓடியது. எமது நாட்டில் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மதுசார விளம்பரத்தையும் அனுசரணையையும் தடைசெய்கிறது. அது மிகச் சரியான சட்டம். அந்தப் பணம் வேண்டாம் என்ற பின்னர் எங்களைப் போன்ற அணிகளுக்கு எஞ்சுவது ஊரின் ஆலையும் கடையும் கராஜும் புலம்பெயர்ந்த உறவுகளும்தான். அவர்கள் எவரும் தொலைக்காட்சி நேரலையை எதிர்பார்ப்பதில்லை. ஒரு படத்தில் தங்கள் பெயர் வாசிக்கக்கூடியதாக இருந்தால் அவர்களுக்குப் போதும்.

இன்னொரு விடயம் இதைவிட முக்கியமானது என எண்ணுகிறேன். ஏ9 வீதியில் இரவில் ஒற்றைச் சக்கரத்தில் ஓடி டிக்டொக்கில் காணொளி போடுபவரின் விபத்தும், மருத்துவ வண்டியும் கொடிகாட்டுநரும் உள்ள மூடிய திடலில் நடக்கும் போட்டியும் ‘மோட்டார் சைக்கிள் பந்தயம்’ என்ற ஒரே சொல்லால் செய்திகளில் குறிக்கப்படுகின்றன. அத்தகைய விபத்துச் செய்தி வந்த வாரத்தில் அனுசரணை கேட்டு ஒரு கடைப்படியில் ஏறுவது எவ்வளவு கடினம் என்பதை நான் அறிவேன். முன்னதை ‘வீதியில் சட்டவிரோத ஓட்டம்’ என்றும், பின்னதை அதன் பிரிவுப் பெயராலும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். இதனால் திடல்களின் குறைகளை மறைக்க வேண்டும் என்பதல்ல. 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவையில் நடந்த கார்ப் பந்தயத்தில் ஓடுபாதையை விட்டு விலகிய கார் பார்வையாளர்களிடையே பாய்ந்து ஏழு உயிர்களைப் பறித்ததை நாங்கள் மறக்கவில்லை. பார்வையாளர் எங்கே நிற்கிறார்கள், தடுப்பு என்ன தூரத்தில் உள்ளது என்பவற்றைத் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு எழுதினால் அதனை முதலில் வரவேற்பவர்கள் நாங்களாகவே இருப்போம்.

2025 ஜனவரியில் துபாய் 24 மணிநேர கார் ஓட்டத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றபோது தமிழ் ஊடகங்கள் அதைக் கொண்டாடின. எங்கள் இளைஞர்களும் மகிழ்ந்தார்கள். அந்த அளவு இடத்தை நாங்கள் கேட்கவில்லை. மாட்டுவண்டிச் சவாரியில் வெற்றி பெற்ற சோடியின் உரிமையாளரையும் ஊரையும் ஒலிபெருக்கியில் சொல்லாமல் விடுவதில்லை அல்லவா? அதைப்போல ஓட்டுநர், ஊர், இலக்கம், பிரிவு, அணி, அனுசரணையாளர் ஆகியவை அடங்கிய ஒரு வரியையும், வெட்டப்படாத இலக்கத் தகட்டையும் மட்டுமே கேட்கிறோம். எங்கள் விபரப் பக்கத்தைத் தங்கள் கிளிநொச்சிச் செய்தியாளரிடம் போட்டிக்கு இரண்டு நாள் முன்னதாகவே நேரில் ஒப்படைக்கிறேன். அதில் பிழை இருந்தால் அந்தப் பொறுப்பு என்னுடையது.

இங்ஙனம்,
ஸ்டிக்கர் கடைக்காரர் ஒருவர்,
பரந்தன்.