குவார்ட்டரைக் கிராமில் எண்ணுங்கள், மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

"வாரத்துல ரெண்டு நாள், மிஞ்சிப்போனா மூணு நாள். அளவாத்தான் சாப்பிட்டுக்கினு இருக்கேன். இது அதிகமா?" என்று கேட்டிருந்தீர்கள். இந்தக் கேள்வி நம் பக்கத்தில் பெரும்பாலும் கண்ணில் மஞ்சள் ஏறிய பிறகுதான் வரும். நீங்கள் முன்கூட்டியே கேட்டது நல்லது. ஆனால் நாள் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. உள்ளே போன சுத்த ஆல்கஹால் எத்தனை கிராம் என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு பெருக்கல் கணக்கு போதும்.

டாஸ்மாக்கில் வாங்குகிற பிராந்தி, விஸ்கி, ரம் எதன் லேபிளைப் பார்த்தாலும் 42.8% என்று போட்டிருக்கும். மலிவுச் சரக்கும் அதேதான், விலை கூடின சரக்கும் பெரும்பாலும் அதேதான். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் என்றால் 77 மில்லி சுத்த ஆல்கஹால். ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது, ஒரு மில்லி 0.79 கிராம்தான் வரும். ஆக ஒரு குவார்ட்டருக்கு 61 கிராம். கட்டிங் என்றால் அதில் பாதி, 30 கிராம். கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டி வாங்கி வருகிற 90 மில்லி அட்டைப் பாக்கெட்டும் அதே 30தான், அட்டையில் வருவதால் வீரியம் குறையாது. பீருக்கு லேபிளைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். ஸ்ட்ராங் பீரில் 8 சதவீதத்துக்கு மிகாமல் என்று இருக்கும். 650 மில்லி பாட்டில் முழுசும் குடித்தால் 41 கிராம் வரை போகும். 5 சதவீத மைல்டு பீர் என்றால் 26 கிராம். "வெயிலுக்கு பீர் குளிர்ச்சி" என்று சித்திரை மாதத்தில் ரெண்டு ஸ்ட்ராங் பீர் குடிக்கிறவர் ஒரு குவார்ட்டருக்கும் மேலேயே குடித்துவிட்டு எழுந்திருக்கிறார். குளிர்ச்சியும் கிடையாது. சிறுநீர் அதிகம் போய் உடம்பில் தண்ணீர்தான் வற்றும்.

நாலு பேர் சேர்ந்து ஃபுல் வாங்கும்போதுதான் கணக்கு தப்புகிறது. ஃபுல் 750 மில்லி, அதாவது 254 கிராம். சரி பங்கு என்றால் ஆளுக்கு 63. ஆனால் பிளாஸ்டிக் கப்பில் கண் பார்வையாக ஊற்றினால் சரி பங்கு எங்கே வருகிறது? ஒரு தடவை இப்படிச் செய்து பாருங்கள். காலி குவார்ட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, நீங்கள் வழக்கமாக வாங்கும் கப்பில் வழக்கமாக ஊற்றும் அளவுக்கு ஊற்றுங்கள். பாட்டிலில் எவ்வளவு மீதி என்று பாருங்கள். 60 மில்லி என்று நினைத்து ஊற்றுகிறவர் கையில் 80, 90 வருவது சாதாரணம். கப்பின் வெளியே 30 மில்லிக்கும் 60 மில்லிக்கும் பேனாவில் ஒரு கோடு போட்டுவிட்டால் அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

இப்போது உங்கள் வாரத்தைக் கூட்டுவோம். புதன்கிழமை ஷிஃப்ட் முடிந்து உடம்பு வலிக்கு என்று ஒரு குவார்ட்டர், 61. சனிக்கிழமை ஒரு குவார்ட்டரும் அதற்கு மேல் ஒரு கட்டிங்கும், 91. ஞாயிறு மத்தியானம் கறிச்சோற்றுக்கு முன்னால் ஒரு ஸ்ட்ராங் பீர், 41. மொத்தம் 193 கிராம்.

இதை எதோடு ஒப்பிடுவது? பிரிட்டனில் 2016 முதல் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 14 யூனிட். அவர்கள் யூனிட் 8 கிராம், ஆகவே 112 கிராம். நம் சரக்கில் 330 மில்லி, ரெண்டு குவார்ட்டருக்கும் குறைவு. அதையும் மூன்று நாளுக்கோ அதற்கு மேலோ பிரித்துக் குடிக்கச் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2020இல் வந்த வழிகாட்டியில் வாரத்துக்கு 100 கிராம், எந்த ஒரு நாளிலும் 40 கிராமைத் தாண்டக் கூடாது. 40 கிராம் என்பது 120 மில்லிகூட முழுதாக இல்லை. கனடாவில் 2023இல் வந்த வழிகாட்டி இன்னும் கறார். வாரத்துக்கு அவர்கள் அளவில் ரெண்டு பெக், மொத்தம் 27 கிராம் வரைதான் ஆபத்து குறைவு என்கிறார்கள். அது ஒரு கட்டிங்கைவிடக் கொஞ்சம் குறைவு. அதே ஆண்டு ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்றே அறிவித்தது.

ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே என்று தோன்றும். எல்லோர் கையிலும் இருப்பது ஏறக்குறைய ஒரே ஆராய்ச்சிகள்தான். எவ்வளவு ஆபத்தை ஏற்றுக்கொள்ளலாம் என்பதில்தான் வித்தியாசம். குடியால் நூறில் ஒருவர் சாகலாம் என்ற இடத்தில் ஒரு நாடு கோடு போடுகிறது, ஆயிரத்தில் ஒருவர் என்ற இடத்தில் இன்னொரு நாடு போடுகிறது. உங்கள் 193 இந்த எந்தக் கோட்டுக்குள்ளும் வராது. ஆகவே நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: அதிகம்தான், மாப்பிள்ளை.

வார மொத்தத்தைவிட எனக்குக் கவலை தருவது அந்த சனிக்கிழமை. ஒரே உட்காரலில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் மிகைக் குடி என்று தனியாகக் கணக்கெடுக்கிறது. நம் டாஸ்மாக் கடையில் சரக்கு வகையில் கையில் எடுக்கும் சின்ன பாட்டிலே 61 கிராம். அதாவது "ஒரே ஒரு குவார்ட்டர்தானே" என்று சொல்லும்போதே அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். பென்னாகரமோ ஊத்தங்கரையோ, நம்மவர்களுக்கு அளவு என்றால் பாட்டில் அளவுதான். மூடியைத் திறந்தால் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பது வழக்கம். உடம்புக்கு அந்த வழக்கம் தெரியாது. விபத்து, சண்டை, ஒகேனக்கல்லில் மீன் வறுவலோடு குடித்துவிட்டு ஆற்றில் இறங்குவது, இதயத் துடிப்பு தாறுமாறாவது, கணைய வீக்கம், இவையெல்லாம் வார மொத்தத்துக்காகக் காத்திருப்பதில்லை. ஒரு ராத்திரியிலேயே நடந்துவிடும்.

சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் ஒன்றும் ஆகாது என்பார்கள். வயிற்றில் சோறு இருந்தால் மெதுவாக ஏறும், அந்த மட்டும் உண்மை. ஆனால் 61 கிராம் 61 கிராம்தான், கல்லீரல் அதை முழுசாக உடைத்தே ஆக வேண்டும். சோடாவோ கோலாவோ கலந்தாலும் இதே கதைதான். "எனக்கு ஒரு குவார்ட்டர் போட்டாலும் ஏறவே மாட்டேங்குது" என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அது மோசமான அறிகுறி. மூளை பழகிவிட்டது, கல்லீரலுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஹான்ஸ் புகையிலையும் பீடியும் கூட இருந்தால் வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து ரெண்டையும் கூட்டினதைவிட அதிகமாகிறது. மதுவை 1988லேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை வழியாக ஓசூருக்கு பைக்கில்தானே போகிறீர்கள். எழுபது கிலோ எடையுள்ளவர் ராத்திரி பத்து மணிக்கு ஒரு குவார்ட்டரும் ஒரு கட்டிங்கும் போட்டால், ரத்தத்தில் 100 மில்லிக்கு 190 மில்லிகிராம் அளவுக்கு ஏறும். மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் இறங்கும். காலை ஐந்து மணிக்கு வண்டி எடுக்கும்போது இன்னும் 85 பக்கம் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு அனுமதிப்பது 30 மட்டும்தான். அதற்குக் கீழே வரக் காலை ஒன்பது மணி ஆகிவிடலாம். முதல் தடவை பிடித்தாலே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், ரெண்டும் சேர்த்தும் விதிக்கலாம். மோர், எலுமிச்சைச் சாறு, டீ, பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் இந்த இறக்கத்தை ஒரு நிமிடம்கூட வேகப்படுத்தாது. தூங்கி எழுந்ததால் தெளிந்துவிட்டது என்று நினைப்பதுதான் ஆபத்து. தொப்பூர் கணவாயில் லாரி இறக்குகிறவர்களுக்கும் இதே கணக்குதான்.

ரத்தப் பரிசோதனை எடுத்தால் தெரிந்துவிடாதா என்றும் கேட்டிருந்தீர்கள். ஓரளவுக்குத் தெரியும். கல்லீரல் பரிசோதனையில் வருகிற ஜிஜிடி கூடியிருந்தாலும், அதிலேயே வருகிற எஸ்ஜிஓடி எஸ்ஜிபிடியைப்போல் ரெண்டு மடங்குக்கு மேல் இருந்தாலும், ரத்தச் சிவப்பணுக்களின் பருமனைக் காட்டும் எம்சிவி கூடியிருந்தாலும் குடியைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். ஆனால் எல்லாம் நார்மல் என்று வந்தால் அதைத் தொடர்ந்து குடிக்கலாம் என்கிற சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கல்லீரல் நிறைய கெடுகிற வரைக்கும் காட்டிக்கொள்ளாது. பிரஷரையும் பார்த்துவிடுங்கள், குடி அதை ஏற்றிவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

சிலருக்கு இந்த எண்கள் எதுவும் பொருந்தாது, அவர்களுக்குச் சரியான அளவு பூஜ்யம். காமாலை வந்தவர்கள், வலிப்பு மாத்திரை, டிபி மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு மாத்திரையோ எடுக்கிறவர் வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை அடியோடு இறங்கிவிடலாம். வேர்வை, உளறல், தள்ளாட்டம், பார்த்தால் போதை மாதிரியே இருக்கும். "தூங்கட்டும் விடு" என்று விட்டுவிடுவார்கள், விடிந்தால் ஆள் இருக்க மாட்டார். அப்பாவுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். மலையோரம் வருகிற கள்ளச்சாராயத்துக்கும் கிராம் கணக்கு செல்லாது. மெத்தனால் கலந்திருக்கிறதா என்பது வாசனையிலும் தெரியாது, ருசியிலும் தெரியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபது பேருக்கு மேல் செத்தது அதனால்தான். குடித்த மறுநாள் பார்வை மங்கினால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

இனி குறைப்பது பற்றி. காலையில் கை நடுங்குகிறதா, ஒரு கட்டிங் போட்டால்தான் நிற்கிறதா, குடிக்காத நாளில் வேர்த்துக் கொட்டித் தூக்கம் போகிறதா என்று முதலில் பாருங்கள். உங்களுக்கு இதெல்லாம் இல்லை என்பதால் நீங்களே குறைக்கலாம். புதன்கிழமையை முதலில் விடுங்கள். உடம்பு வலிக்குச் சரக்கு மருந்தில்லை, பாதி ராத்திரியில் தூக்கத்தைக் கலைத்து மறுநாள் அசதியைத்தான் கூட்டும். சனிக்கிழமை ஒரு குவார்ட்டரை ரெண்டு பேர் பிரித்து அதோடு எழுந்திருங்கள். மீதி பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், வந்தால் அன்றைக்கே காலியாகும். சோறு சாப்பிட்ட பிறகு ஆரம்பியுங்கள், பாதிப் பேர் அப்போதே போதும் என்று விட்டுவிடுவார்கள். ஞாயிறு பீரை மைல்டுக்கு மாற்றினால் வாரம் 56 கிராமுக்கு வந்துவிடும். அடியோடு விட்டால் இன்னும் நல்லது, அதையும் சொல்லாமல் இருக்க முடியாது.

ஆனால் தினமும் குடிக்கிற உங்கள் பெரியப்பா மகனுக்கு இந்த யோசனையைச் சொல்லிவிடாதீர்கள். தினம் ஒரு குவார்ட்டர் என்றால் வாரத்துக்கு 427 கிராம். கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டுவிட்டு ஒரேயடியாக நிறுத்துகிறார்கள் பாருங்கள், அதில் சிலருக்கு முதல் ரெண்டு நாளுக்குள் வலிப்பு வரும். மூன்றாம் நாள் இல்லாதது கண்ணுக்குத் தெரியும், ஆள் அடையாளம் தெரியாது, பேய் பிடித்தது என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்தவருக்கும் இதே மூன்றாம் நாளில் இது வரும், குடிப்பழக்கத்தை முன்பே டாக்டரிடம் சொல்லாததால். கயிறு கட்டுங்கள், மாலை போடுங்கள், அதில் தவறில்லை. அதற்கு முன்னால் தர்மபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போய், நடுக்கத்துக்கான மாத்திரையும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் வாங்கிக்கொண்டு நிறுத்தச் சொல்லுங்கள். தயமின் போடாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை கெட வாய்ப்பு உண்டு. வலிப்பு வந்தால் 108. போனிலேயே பேச வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம்.

தங்கச்சியிடமும் ஒன்று சொல்லிவிடுங்கள். குடியை நிறுத்த, தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கிற மாத்திரை என்று யாராவது கொடுத்தால் வாங்க வேண்டாம். பெரும்பாலும் அது டைசல்பிராம். அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, பிரஷர் இறங்கி ஆள் போய்விடலாம். மாத்திரையை நிறுத்தி ரெண்டு வாரம் வரைக்கும் இந்த ஆபத்து இருக்கும். சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே அது மருந்து.

அன்புடன்,
மச்சான்