அடுத்த கிளப்புக்குப் போகும் முன்

மண்டபம்,
ஆனி மாதம்.

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதுவது.

புதுக் கூடைப்பந்து கிளப் தந்ததாக நீ அனுப்பிய ஒப்பந்தத்தை முழுசாக வாசித்துவிட்டேன். திருத்த வேண்டிய இடங்களைக் கீழே எழுதியிருக்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று. போன தடவை பேசும்போது, "இத்தனை கிளப் மாறுகிறவனை யாரும் பெரிய ஆட்டக்காரன் என்று சொல்ல மாட்டார்கள்" என்றாய். அப்படி நினைக்காதே. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்தால் வடகடலுக்கும் வாடை பிடித்தால் தென்கடலுக்கும் வள்ளத்தை மாற்றுகிற ஊர் இது. இடம் மாறித் தொழில் செய்கிறவனை இங்கே யாரும் குறைவாகப் பார்ப்பதில்லை.

இஷ் ஸ்மித் என்ற அமெரிக்க ஆட்டக்காரரைப் பார். ஆறடி உயரம்தான். அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2010 டிராஃப்டில் அவரை யாரும் எடுக்கவில்லை. அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் 13 அணிகளுக்கு ஆடினார். அவருக்கு முன் 12 அணிகளைத் தாண்டியவர் எவரும் இல்லை. 2023-இல் டென்வர் நகெட்ஸ் சாம்பியன் ஆனபோது அந்த அணியில் இருந்தார். பதின்மூன்று அணிகள் அவரைக் கைவிட்டன என்று சொல்லலாம். பதின்மூன்று அணிகள் அவரைத் தேடி அழைத்தன என்பதும் அதே கணக்குதான். பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, இரண்டு நாள் பழக்கத்தில் அணியின் ஆட்டத்தை ஓட்டத் தெரிந்தவர் என்பதால் அழைத்தார்கள். இந்திய வம்சாவளியில் முதல் ஆளாக என்.பி.ஏ.வில் ஆடிய சிம் புல்லர், 2015-இல் சாக்ரமென்டோ கிங்ஸுக்குப் பத்து நாள் ஒப்பந்தத்தில் வந்து மூன்று ஆட்டம் ஆடினார். அதோடு அவர் வாழ்க்கை முடியவில்லை. பிறகு தைவானில் பல வருஷம் ஆடினார்.

இனி காகிதம். உன் தொழிலில் முட்டி கெட்டுப் போனவர்கள் எத்தனை பேரோ, காகிதம் சரியில்லாமல் கெட்டவர்களும் அத்தனை பேர் இருப்பார்கள்.

முதலில் சம்பளம். பத்து மாதத் தவணை என்று போட்டிருக்கிறார்கள், சரி. "வரி போக" என்ற வார்த்தை தொகைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வரி கட்டியதற்கான சான்றிதழைக் கிளப் தரும் என்றும் ஒரு வரி சேர்க்கச் சொல். தவணை தாமதமானால் என்ன ஆகும் என்று இதில் எதுவுமே இல்லை. 15 நாள் தாமதமானால் நீ பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் போக வேண்டியதில்லை, 30 நாள் தாமதமானால் ஒப்பந்தத்தை நீயே முடித்துக்கொள்ளலாம், மிச்ச மாதங்களின் சம்பளம் முழுவதும் அப்போதே உனக்குச் சேர வேண்டும். இப்படி எழுதி வாங்கு. இதைக் கேட்டால் முகம் சுளிக்கிற கிளப் டிசம்பரிலேயே சம்பளத்தை இழுத்தடிக்கும்.

அடுத்தது மருத்துவப் பரிசோதனை. நீ போய் இறங்கி 72 மணி நேரத்துக்குள் அவர்கள் சோதித்து முடிக்க வேண்டும். அதற்குள் சோதிக்காமல் உன்னைப் பயிற்சியில் இறக்கினால் நீ தேறியதாகவே கணக்கு. இந்த வரி இல்லையென்றால், நவம்பரில் நாலு ஆட்டம் தோற்றதும் "உன் கணுக்கால் பழைய காயம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். ஜெனீவாவில் கூடைப்பந்து நடுவர் மன்றம் இருக்கிறது. உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபா 2007-இல் ஏற்படுத்தியது. கிளப் பணம் தராவிட்டால் அங்கே வழக்குப் போடலாம். பெரும்பாலும் எழுத்து மூலமாகவே முடியும், நேரில் போக வேண்டியதில்லை. தீர்ப்பை மதிக்காத கிளப் புதிய வெளிநாட்டு வீரர்களைப் பதிவு செய்ய முடியாமல் ஃபீபா தடை போடும். கிளப்புகள் பயப்படுவது அதற்குத்தான். ஆனால் தகராறு வந்தால் இந்த மன்றத்துக்குப் போவோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால்தான் வழக்கை எடுப்பார்கள். உன் காகிதத்தில் "உள்ளூர் நீதிமன்றம்" என்று இருக்கிறது. அதை மாற்றாமல் கையெழுத்துப் போடாதே.

வேறு நாட்டில் ஆட அனுமதிக்கும் கிளியரன்ஸ் கடிதம் பற்றிக் கேட்டிருந்தாய். அது இந்தியச் சம்மேளனத்திலிருந்து வராது. நீ கடைசியாகப் பதிவாகி ஆடியது ஆஸ்திரேலியாவில், ஆகவே அந்த நாட்டுச் சம்மேளனம்தான் தர வேண்டும். புதிய நாட்டுச் சம்மேளனம் கேட்டால் ஏழு நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். மறுக்க ஒரே காரணம்தான் உண்டு: பழைய கிளப்போடு ஒப்பந்தம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது. "எல்லாப் பாக்கியும் வாங்கிக்கொண்டேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் கிளியரன்ஸ் வரும்" என்று பயமுறுத்துகிற மேனேஜர்கள் உண்டு. ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் பையன்கள் ஒரு மாதச் சம்பளத்துக்கு மூன்று மாதப் பாக்கியை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பாக்கிக்கும் கிளியரன்ஸுக்கும் சம்பந்தமில்லை.

ஏஜென்ட்டுக்குப் பத்து சதவீதம் கிளப் கொடுப்பது வழக்கம். உன் சம்பளத்திலிருந்து பிடிக்கக் கூடாது. அவர் பெயர் ஃபீபாவின் உரிமம் பெற்றவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று நீயே பார்.

மருந்து விஷயம். இருமலுக்கு நம் ஊர் மருந்துக்கடையில் தருகிற பல சிரப்புகளில் டெர்பூட்டலின் இருக்கும். அது எந்த நாளிலும் தடை செய்யப்பட்ட பொருள். ஜலதோஷ மாத்திரையில் வரும் சூடோஎஃபெட்ரின் போட்டி நாளில் அளவு மீறினால் மாட்டிவிடும். புட்டியின் பின்பக்கத்தைப் படி, அணி டாக்டரிடம் காட்டு, அதன் பிறகு குடி. ஜிம்மில் யாராவது டப்பாவில் தரும் பவுடர் வேண்டவே வேண்டாம். முட்டையும் மீனும் போதும் உனக்கு.

இப்போது ஆட்டம். புது அணியில் முதல் வாரம் உன் ஷாட்டைப் பார்க்க மாட்டார்கள், உனக்குச் சொன்னது புரிகிறதா என்றுதான் பார்ப்பார்கள். எதிரணியின் பிக் அண்ட் ரோலை, அதாவது ஒருவன் மறித்து நின்று உடனே ரிங்கை நோக்கி ஓடுகிற ஆட்டத்தை, தடுக்க அவர்கள் டிராப் ஆடுகிறார்களா, ஹெட்ஜா, ஸ்விட்சா, சைடில் ஐஸ் போடுகிறார்களா, ஒவ்வொன்றையும் எந்த வார்த்தையில் கூப்பிடுகிறார்கள் என்று முதல் நாளே நோட்டில் எழுது. அணி வகுத்து வைத்திருக்கும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் (செட்) ஒரு பக்கம், ஐந்து பேருக்கும் ஐந்து அம்பு. உன் இடத்தோடு பக்கத்து இடத்தையும் படி. ஒருவனுக்கு அடிபட்டால் இரண்டு இடமும் ஆடத் தெரிந்தவனைத்தான் கோச் எழுப்புவார்.

நீ ஆடப் போவது பத்துப் பன்னிரண்டு நிமிஷம். அதில் உனக்கு வருகிற பந்து பெரும்பாலும் கோர்ட்டின் மூலையில், கார்னரில் வரும். கார்னரில் மூன்று புள்ளிக் கோடு ரிங்கிலிருந்து 6.60 மீட்டர், ரிங்குக்கு நேரெதிரே போல 6.75 இல்லை. கிட்டத்தில் இருக்கிறதே என்று ஏமாறாதே. அங்கே கோட்டுக்கும் சைடுலைனுக்கும் நடுவில் மொத்தமே 90 சென்டிமீட்டர். உன் ஷூ 30 சென்டிமீட்டருக்கு மேல். பாதம் ரிங்கை நோக்கித் திரும்பியிருந்தால் முன்னும் பின்னும் ஒரு சாண், ஒன்றரைச் சாண்தான் மிச்சம். முன்கால் விரல் கோட்டைத் தொட்டால் ஷாட் இரண்டு புள்ளி, குதிகால் வெளியே பட்டால் பந்து எதிரணிக்கு. பாஸ் வருவதற்கு முன்பே கால் இரண்டும் ஊன்றி இருக்க வேண்டும். பந்தை வாங்கியபடியே பின்னால் ஒரு எட்டு வைப்பதுதான் உன் பழக்கம். அந்தப் பழக்கத்தை இந்த மாதமே விடு. எதிராளியை மறித்து ஸ்க்ரீன் போடும்போதும் இடுப்பை நகர்த்தாதே. ஐந்து ஃபௌல் ஆனால் வெளியே, பெஞ்சிலிருந்து வருகிறவனுக்கு விசில் சீக்கிரம் கேட்கும்.

ஊருக்கு வந்து இருக்கிற நாட்களில் இங்கே கடற்கரைக் கோர்ட்டில் தூரத்து ஷாட் போடாதே. கச்சான் பந்தைத் தள்ளும், உனக்கே தெரியாமல் பந்தைத் தாழ்வாக வீசப் பழகிவிடுவாய். அப்புறம் உள்ளரங்கில் எல்லாம் ரிங்கின் முன்விளிம்பில் அடிக்கும். விடியலில் காற்று எழும்புவதற்குள் ரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கையால் ஃபார்ம் ஷூட்டிங், அப்புறம் டிரிபிளிங், அவ்வளவுதான். அந்த ரிங்கில் தொங்கவும் வேண்டாம். உப்புக் காற்றில் போர்டின் போல்ட்டெல்லாம் துருவேறிக் கிடக்கிறது, நட்டுகள் செதில் செதிலாக உதிர்கின்றன. தரை சிமென்ட் என்பதால் குதிக்கிற பயிற்சி வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் கூடாது.

ஓடுவதென்றால் அலை நனைத்த இறுகிய மணலில் ஷூவோடு ஓடு. கரை சரிவாக இருப்பதால் போகிற தூரம் திரும்பியும் ஓடு, இல்லையென்றால் ஒரு பக்க இடுப்பு பிடிக்கும். முட்டிச்சில்லுக்குக் கீழே வலி இன்னும் இருக்கிறது என்றாய். ராமநாதபுரம் ஜிம்மில் லெக் எக்ஸ்டென்ஷன் மெஷினில் பாதி மடக்கிய நிலையில் அசையாமல் 45 விநாடி பிடி, இரண்டு நிமிஷம் ஓய்வு, இப்படி ஐந்து தடவை. அதற்குப் பிறகு குதித்தால் வலி குறைந்திருக்கும். கணுக்கால் பிரேஸைப் பயிற்சியிலும் கட்டு. ஒரு தடவை பிசகிய கணுக்கால்தான் மறுபடி பிசகும்.

பாஸ்போர்ட் எந்த மாதம் வரை என்று பார்த்துச் சொல். ஆஸ்திரேலியாவிலிருந்து கிளம்புவதற்கு முன்பே அந்த ஊர் போலீஸ் சான்றிதழை வாங்கிக்கொள். வேலை விசாவுக்குக் கேட்டால் இங்கிருந்து வாங்க அலைச்சல். டூரிஸ்ட் விசாவில் வந்து ஆடு, பிறகு மாற்றித் தருகிறோம் என்றால் ஒத்துக்கொள்ளாதே. திருத்திய ஒப்பந்தம் வந்ததும் எல்லாப் பக்கத்தையும் எனக்கு அனுப்பு, இணைப்புகளையும் சேர்த்து.

அப்பா கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா